கை அசைந்த படம்

மதராஸிலிருந்து வந்திருந்த அந்தத் தொப்பிக்காரர் படத்தைக் கையில் எடுத்தபோது, நான் இருட்டறையின் கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்றிருந்தேன். கையெல்லாம் படம் கழுவும் ஹைப்போத் திரவத்தின் ஈரம். துணிக்கும் சுவருக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு சந்து. அதன் வழியாக அவருடைய முழங்கையும், மேஜையின் ஒரு மூலையும், என் கணவரின் முதுகும் தெரிந்தன.

"நானும் எத்தனையோ மில் படம் பார்த்துட்டேன்," என்றார் தொப்பிக்காரர். "எல்லாரும் ஆளை வரிசையா நிறுத்தி வச்சு எடுக்கறாங்க. இதுல கை வேலை செய்யுது சார். பாருங்க, முகமெல்லாம் அசையாம இருக்கு. கை மட்டும் புகை மாதிரி ஓடுது. எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

என் கணவரின் முதுகு ஒருமுறை நிமிர்ந்தது. பிறகு கொஞ்சம் தளர்ந்தது.

"என்னமோங்க. அப்படி அமைஞ்சுபோச்சு," என்றார்.

அந்தப் படத்தை எடுத்தவள் நான்.

எனக்குப் பொறாமை வந்தால் காது அடைத்துக்கொள்ளும். அன்றைக்குக் காது அடைத்துக்கொண்டது. அதற்குமேல் அவர்கள் என்ன பேசினார்கள் என்று பாதிதான் கேட்டது. "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்ற சொல் மட்டும் மூன்று நான்கு தடவை வந்து விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அது என் வாசல் வரை வந்து பக்கத்து வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

பென்சிலும் அம்மைத் தழும்பும்

என் கணவர் பெயர் மரியதாஸ். அந்தக் காலத்தில் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டோம். எழுதுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை, ஆகவே எழுதிவிட்டேன்.

தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா ஊர். கடைத்தெருவில் எங்கள் ஸ்டூடியோ. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரச் சாமியாரிடமிருந்து அவர் வாங்கிய கேமரா, கூரையில் பதித்த நாலு கண்ணாடி, மயிலும் மாளிகையும் எழுதிய ஒரு திரை, கல்யாண ஜோடிகளுக்கு ஒரு நாற்காலி. நாற்காலியில் மாப்பிள்ளை உட்காருவார். பெண் நிற்பாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அந்தக் கேமரா மேல்தான் பொறாமை. சிரிக்காதீர்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து வாழ வந்தவள் நான். இந்த ஊரில் எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான். அவரோ காலையில் எழுந்ததும் மெத்தென்ற துணியால் அந்தத் தேக்குப் பெட்டியைத் துடைப்பார். லென்ஸை ஊதுவார். மழைக்காலத்தில் அதற்குக் கம்பளி போர்த்துவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஷாயம் வைத்து மேஜை மேல் மூடிவைத்துவிட்டுக் கேமராவோடு கடத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர் அவர்.

கன்னியாஸ்திரீகள் பள்ளியில் எட்டாவது வரை படித்திருந்தேன். படம் நன்றாக வரைவேன். அதைப் பார்த்து, நெகடிவ் கண்ணாடித் தகட்டில் பென்சில் வேலை செய்யக் கற்றுக்கொடுத்தார். கன்னத்துப் பள்ளம், கண்ணுக்குக் கீழே கருவளையம், அம்மைத் தழும்பு, எல்லாவற்றையும் கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டு மறைக்க வேண்டும். அந்தக் காலத்துத் தர்மபுரியில் அம்மைத் தழும்பில்லாத முகம் குறைவு. எங்கள் ஸ்டூடியோப் படங்களில் மட்டும் ஊரே பளிங்கு மாதிரி இருக்கும்.

பிறகு தகடு கழுவவும், பிரிண்ட் போடவும் கற்றுக்கொண்டேன். சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கின் வெளிச்சத்தில், திரவத்துக்குள் கிடக்கும் தகட்டில் ஒரு முகம் மெல்லக் கிளம்பி வருவதை முதலில் பார்ப்பது நான்தான். படம் எடுக்கும்போது இவர் ஏன் கொஞ்சம் இடதுபுறம் நகரவில்லை, அந்த அம்மாள் சிரித்து முடித்த பிறகு ஏன் லென்ஸ் மூடியைத் திறந்தார் என்றெல்லாம் தோன்றும். இரண்டொரு தடவை சொல்லியும் பார்த்தேன்.

"கழுவுற வேலையப் பாரு," என்பார்.

கடலை மில்

பாலக்கோட்டில் ஒரு கடலை மில் இருந்தது. பேர்தான் மில்லே தவிர, பெரிய ஓட்டுக்கொட்டகை. அதில் சுற்று வட்டாரத்துப் பெண்கள் வரிசை வரிசையாகக் குந்தி, நிலக்கடலையை ஈரம் தெளித்து, பெருவிரலால் அழுத்தி உடைப்பார்கள். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். பருப்பு மூட்டையாகி, சின்ன ரயிலேறி, மொரப்பூர் போய், பெரிய ரயிலில் துறைமுகம் போகும்.

முதலாளி புதிதாக ஒரு மிஷின் வாங்கியிருந்தார். ஆயில் இன்ஜினில் ஓடும் மிஷின். ஒரு வாயில் கடலையைக் கொட்டினால் மறுவாயில் பருப்பு வரும். மிஷினைப் பொருத்தி ஓடவிடுவதற்கு முன் ஒரு ஆல்பம் செய்து, பருப்பு வாங்கும் சீமைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. முதல் பக்கத்தில் பழைய முறை, அடுத்த பக்கத்தில் புதிய முறை. அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். பெண்கள் நிறைந்த இடம் என்பதால் கணவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் தும்மல் வந்தது. கடலைத் தோலின் சிவப்புத் தூசி வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. நனைந்த கடலை ஓட்டின் மண்வாசனை. பேச்சுச் சத்தத்துக்குக் கீழே, நூறு பல்லிகள் சேர்ந்து சொல்வது போல 'டக் டக்' என்று ஓடு உடைகிற சத்தம். பலருடைய பெருவிரலில் நகம் பிளந்து துணி சுற்றியிருந்தது.

என் கணவர் கேமராவின் முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். அவ்வளவுதான். கொட்டகை அமைதியாகிவிட்டது. ஒருத்தி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். அவளைப் பார்த்து எல்லோரும் போட்டார்கள். ஓர் ஆண்பிள்ளை துணிக்குள் ஒளிந்துகொண்டு தங்களைப் பார்ப்பதாக அவர்களுக்குக் கூச்சம்.

"கையை நிறுத்துங்கம்மா. நிமிந்து பாருங்க. அசையாதீங்க," என்று உள்ளிருந்து அவர் சொன்னார்.

நிமிர்ந்து பார்த்தார்கள், போலீஸ்காரர் நிறுத்திவைத்த மாதிரி. அப்படியே இரண்டு தகடு எடுத்தார். மூன்றாவதைக் கேமராவில் ஏற்றி, தூரம் சரிபார்த்த நேரத்தில், மிஷினை எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்று கேட்க முதலாளி ஆள் அனுப்பினார்.

"எல்லாம் சரியா வச்சிருக்கேன். நீ எதையும் தொடாதே. இவங்க அடங்கினதும் மூடியைத் திறந்து ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி மூடு. போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்குக் கடிகாரக் கணக்குக் கிடையாது. வெளிச்சம் நன்றாக இருந்தால் அரை ஜெபம். மங்கலாக இருந்தால் ஒரு ஜெபம்.

உட்கார்ந்த உயரம்

அவர் போனதும் கொட்டகைக்கு மூச்சு வந்தது. முதல் வரிசையில் இருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், நெற்றியில் பச்சை குத்தியவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள்தான் காளியம்மா.

"யக்கா, அந்தத் துணிக்குள்ள என்னா தெரியுது?" என்றாள்.

தகட்டை வெளியே எடுத்து வைத்து, மூடியைத் திறந்து, "வந்து பாரு," என்றேன்.

வந்து தலையை நுழைத்தாள். கண்ணாடியில் எல்லோரும் தலைகீழாகத் தெரிவார்கள். "அடியே முனியம்மா! நீ தலைகீழா தொங்கறடி!" என்று அவள் கத்தியதும் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து பார்த்தார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்புறம் முந்தானைகள் தோளுக்கு இறங்கின. விட்ட இடத்திலிருந்து வேலை தொடங்கியது.

நானும் அவர்களோடு குந்தினேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நின்றுகொண்டு பார்த்தால் தெரிவது வகிடுகளும் முதுகுகளும்தான். குந்திப் பார்த்தால் முகங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கொட்டகையின் கடைசி வரை போயின. எழுந்து முக்காலியின் மூன்று கால்களையும் உள்ளே தள்ளிக் குட்டையாக்கி, மூடியை மூடித் தகட்டைத் திரும்பச் சொருகினேன். காளியம்மா தன் கடலைக் குவியலைக் காலால் ஒதுக்கி எனக்கு இடம் விட்டாள்.

அவள் ஏதோ ஒரு கல்யாணச் சண்டையைச் சொல்லத் தொடங்கினாள். மாப்பிள்ளையின் மாமன் பந்தியில் எழுந்து நின்று என்ன சொன்னான் என்கிற இடத்துக்கு வந்தபோது அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பி அப்படியே நின்றன. கைகள் நிற்கவில்லை. அந்தக் கைகளுக்குக் கேட்கிற வேலை இல்லை. மூடியைத் திறந்தேன். ஜெபத்தை நிதானமாகச் சொன்னேன். மூடினேன்.

வீட்டுக்கு வந்து தகட்டைக் கழுவியதும் கணவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கை எல்லாம் அசைஞ்சு போச்சு. தகடு வீண்," என்றார். "உயரத்தை யாரு மாத்தினது?"

"நான்தான்."

"தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

அவர் எடுத்த இரண்டில் ஒன்றை முதலாளிக்கு என்று எடுத்துவைத்தார். ஆனால் அதையும் என்னுடையதையும் நான் பிரிண்ட் போட்டுக் கொடுக்க, அவர் எடுத்துக்கொண்டு போனபோது, முதலாளி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னுடையதைத்தான் பழைய முறைக்கு எடுத்துக்கொண்டாராம். "இதுலதான் நெருக்கடியா, பழசா தெரியுது" என்பது அவர் சொன்ன காரணம். அதற்காகச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

மிஷின் ஓடத் தொடங்கியது. சொத்தைப் பருப்பு பொறுக்க ஒரு வரிசைப் பெண்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மிஷினுக்குக் கடலை கொட்டவும், இன்ஜினுக்கு எண்ணெய் விடவும் ஆண்களைச் சேர்த்தார்கள். அந்தக் கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் மூட்டைகள் உட்கார்ந்தன. நான் அதன் பிறகு அங்கே போகவில்லை. கேள்விப்பட்டதுதான்.

ஒரு வாரம்

தொப்பிக்காரர் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தது அதற்குக் கொஞ்ச காலம் கழித்து. இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியிருந்தது. ஏதோ ஒரு கண்காட்சிக்காகத் தொழிற்சாலைப் படங்கள் சேர்க்க அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். பாலக்கோட்டு மில்லில் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடி வந்திருக்கிறார்.

பாராட்டியதோடு அவர் போகவில்லை. யுத்தத்துக்குச் சாமான் செய்யும் பட்டறைகள், தோல் பதனிடும் ஷாப்புகள், நெசவுக் கூடங்கள் எல்லாவற்றையும் சுற்றிப் படமெடுக்க மாதச் சம்பளத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்றார். "இந்தப் படம் எடுத்த கைக்கு நான் சிபாரிசு பண்றேன். ஓசூர் வரைக்கும் போயிட்டு அடுத்த வாரம் வர்றேன். யோசிச்சு வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"வீணாப்போன தகடுன்னு சொன்னீங்களே," என்றேன்.

அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த மேஜை.

"கேமரா யாருது? தகடு யாருது? தூரம் வச்சது யாரு? மூடியைத் திறந்து மூடினா படம் எடுத்ததா ஆயிடுமா?"

"அப்போ அந்த ரெண்டு தகட்டுலயும் மூடியைத் திறந்து மூடினது நீங்கதானே. அதை ஏன் அவர் கையில எடுக்கலே?"

அவர் துணியை உதறிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்பு, விறகு, தண்ணீர் என்கிற சொற்கள் மட்டும் புழங்கின.

அந்த வாரம் நான் பட்டதை எப்படிச் சொல்வது? அவர் வெளியே போகப் புதுச் செருப்புத் தைக்கக் கொடுத்திருந்தார். அந்தச் செருப்பு மேல் பொறாமை. கடைத்தெருவில் யாரோ, "மதராஸ் போறீங்களாமே" என்று கேட்க, "பாக்கலாங்க" என்று இவர் இழுத்தார். அந்த இழுப்பின் மேல் பொறாமை. சேலம், கோயம்புத்தூர், இன்னும் எங்கெங்கோ இருக்கிற கொட்டகைகளில் குந்தியிருக்கிற பெண்களையெல்லாம் இவர் நின்றபடியே பார்க்கப்போகிறார். அந்தப் பார்வை மேலும் பொறாமை. பிரம்புக் கூடைக்காரியிடம்கூட எரிந்து விழுந்தேன்.

அவரும் நிம்மதியாக இருந்ததாகச் சொல்ல முடியாது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, என்னிடம் சொல்லாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் செக்குக்கொட்டகைக்குப் போய், முக்காலியைக் குட்டையாக்கி ஒரு படம் எடுத்துவந்தார். கழுவியது நான்தானே. மாடு அசைந்திருந்தது. செக்கோட்டி அசையாமல் கேமராவையே முறைத்துக்கொண்டிருந்தார்.

தகட்டைக் காயவைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

காளியம்மா கேட்ட கேள்வி

தொப்பிக்காரர் திரும்பிவரச் சொன்ன நாளுக்கு முந்தின நாள், வாசலில் ஒரு குரல்.

"யக்கா இருக்காங்களா?"

காளியம்மா. தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு மூட்டை. பெங்களூரில் மிலிட்டரிக்காரர்களுக்குக் கட்டடம் கட்டுகிறார்கள் என்று அண்ணன் குடும்பத்தோடு மண் சுமக்கப் போகிறாளாம். அண்ணனைச் சந்தையில் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள்.

நான் கொல்லைப்புறத்திலிருந்து வருவதற்குள் என் கணவர் கேட்டுவிட்டார்: "என்னம்மா வேணும்?"

"எங்களப் புடிச்ச படம் ஒண்ணு இருக்குதாமே. ஊர வுட்டுப் போறதுக்குள்ள ஒருவாட்டி பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க. அக்கா எடுத்தாங்களே, அது."

"அது ஸ்டூடியோ படம்மா," என்றார்.

காளியம்மா அவரைப் பார்த்தாள். கிண்டலாகக் கேட்டாளா, புரியாமல் கேட்டாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஸ்டூடியோவா எங்க முன்னாடி குந்திக்கினு எடுத்துச்சு?"

நான் நடையிலேயே நின்றுவிட்டேன். என் கணவர் காதுமடல் சிவந்தது எனக்குத் தெரிந்தது. அவர் மெல்ல எழுந்து, அலமாரியைத் திறந்து, படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

வாசல் வெளிச்சத்துக்குப் போய் வெகுநேரம் பார்த்தாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தொப்பிக்காரர் பேசியபோதுகூட நான் அப்படிக் காத்திருக்கவில்லை.

"அட, முனியம்மா மூஞ்சி முழுசா வுழுந்திருக்குது. எனுக்குப் பாதி மூஞ்சிதானா?" என்றாள். "நாந்தான யக்கா உங்களுக்கு எடம் வுட்டேன்? அவ என்னா பண்ணா? வாயப் பொளந்துக்கினு குந்தியிருந்தா!"

சொல்லும்போதே குரல் மாறியது. விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டாள். இவள் கரும்பு வெட்டப் போய்விட்டாள், இவள் ரோட்டுக்குக் கல் உடைக்கிறாள், இவள் புருஷன் மிஷினில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், அதனால் இவளோடு யாரும் பேசுவதில்லை. முனியம்மாவைச் சொத்தை பொறுக்க வைத்துக்கொண்டார்களாம்.

"அவளுக்குத்தான் எல்லாம் முழுசா கெடைக்குது," என்றாள் காளியம்மா.

அவள் சொன்ன விதம் எனக்கு அப்படியே புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பெருவிரலில் நகம் புதிதாக முளைத்திருந்தது.

"படத்த நீயே எடுத்துக்கம்மா," என்றார் என் கணவர், எனக்கு முன்னால்.

பெரிய மனசு

மறுநாள் தொப்பிக்காரர் வந்தார். நான் துணிக்குப் பின்னால் போகவில்லை. கதவோரம் நின்றேன்.

"என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அய்யா, அந்தப் படம் நான் எடுத்தது இல்லைங்க. இதோ நிக்கறாங்களே, என் சம்சாரம் எடுத்தது. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

தொப்பிக்காரர் என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தார். அது உண்மை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆச்சரியமா இருக்கே," என்றார் அவரிடம். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"படம் எடுத்த கைக்குத்தானே சிபாரிசுன்னு சொன்னீங்க," என்றேன் நான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அம்மா, அது ஊர் ஊராச் சுத்தற வேலை. பொம்பளைங்களுக்கு அதுல எடம் கெடையாது. நான் எழுதினாலும் மேலே ஒத்துக்க மாட்டாங்க," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கண்காட்சிக்கு ஒரு பிரிண்ட் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் கீழே யார் பெயரைப் போட்டார்கள், போட்டார்களா என்பதே எங்களுக்குத் தெரியாது.

சரி, உண்மை வெளியே வந்தது, என் பொறாமை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். விஷயம் கடைத்தெருவில் பரவியது. பரவிய விதத்தைக் கேளுங்கள். "பொண்டாட்டி எடுத்த படம்னு சபையில சொல்லிட்டு, வந்த வேலைய வேணாம்னுட்டாரு. எவ்ளோ பெரிய மனசு!" சர்ச்சில் சாமியார் அவர் தோளைத் தட்டினார். ஜவுளிக்கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். படம் எடுத்தவளை யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னவருக்கு ஊரே மாலை போட்டது. அந்த உண்மையும் அவர் சொன்னால்தான் எடுபட்டது.

அடுத்த மாதமே ஸ்டூடியோவின் பெயர்ப்பலகையை மாற்றினார். என் பெயர் ஜெபமாலை. பலகையில் 'ஜெபமாலை போட்டோ ஸ்டூடியோ' என்று எழுதவைத்து, என்னை வெளியே கூப்பிட்டுக் காட்டினார். அவர் மனதாரச் செய்தார். நானும் மனதாரச் சந்தோஷப்பட்டேன். கோவிலுக்குப் போகிற வழியில் கிறிஸ்தவர்கள் அந்தப் பலகையைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். ஜெபமாலை மாதாவின் பேரை வைத்திருக்கிறாராம். என்ன பக்தி!

ஆனால் ஒன்று. அதன் பிறகு வேலைக்களத்துப் படம் என்று யார் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் போனோம். ஆளுக்குப் பாதித் தகடு. நான் எடுத்தது நன்றாக வந்தால் அன்றைக்கு அவர் குழம்பில் குற்றம் கண்டுபிடிப்பார். அவர் எடுத்ததில் நல்லதாக எதுவும் வரவில்லை என்பதால் எனக்குக் குழம்பில் கவனம் செலுத்த நேரம் இருந்தது.

ஒரே ஒரு தகடு

யுத்தம் முற்றியது. கண்ணாடித் தகடு கிடைப்பது நின்றது. சேலத்துக் கடைக்காரர் கையை விரித்தார். கல்யாணக்காரர்களைத் திருப்பி அனுப்பினோம். எங்கள் பெட்டியில் ஒரே ஒரு தகடு மிஞ்சியிருந்தது.

அப்போதுதான் சின்ன ரயிலை நிறுத்தினார்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரி, பாலக்கோடு வழியாக ஓசூர் போய்க்கொண்டிருந்த ரயில். யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமாம், தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள் என்றார்கள். என் மாமனார் அந்தப் பாதையில் தண்டவாளம் காக்கும் கேங்மேனாக இருந்து செத்தவர். என் கணவர் பிறந்ததே பாதை ஓரத்துக் குடிசையில்.

"நான் எடுக்கறேன்," என்றேன்.

"இது என்னுது," என்றார் அவர். அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. விட்டுக்கொடுத்தேன். மனசுக்குள் விட்டுக்கொடுக்கவில்லை.

பாலக்கோட்டுப் பக்கம் போனோம். நேற்றுவரை அந்தப் பாதையைக் காத்தவர்கள்தான் இன்றைக்கு அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பளக்காரர்களாக இருந்தவர்கள் கான்ட்ராக்டரிடம் அன்றாடக் கூலிகளாகியிருந்தார்கள். இவரைப் பார்த்து, "வாப்பா, கேங்மேன் மகனே" என்றார்கள். தண்டவாளத்தைக் கழற்றி, தோளில் ஏற்றி, குரல் கொடுத்துக்கொண்டு தூக்கிப்போனார்கள். தோள்கள், வியர்வை, வளைந்த வரிசை. எனக்குக் கை துறுதுறுத்தது. "இப்போ எடுங்க, இப்போ," என்று கிசுகிசுத்தேன். அவர் அசையவில்லை. வெயில் ஏறியது. கடைசித் துண்டும் போய், ஆட்கள் களி சாப்பிடக் கூடினார்கள். சாப்பிட்டு முடித்து நின்றார்கள். அப்போதுதான் அவர் துணிக்குள் போனார். மூடியைத் திறந்தார். மூடினார்.

"வெறுந்தரையை எடுத்திருக்கீங்க," என்றேன். அவர் முக்காலியை மடிப்பதற்குள் ரோட்டைப் பார்த்து நடந்தேன்.

அன்று சாயங்காலம் இருட்டறையில் தகட்டைத் திரவத்தில் இட்டேன். முதலில் வானம் கிளம்பியது. பிறகு சரளை, அதில் தண்டவாளக் கட்டைகள் கிடந்த பள்ளங்கள். பிறகு ஆட்கள். பாதைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பேர், இந்தப் பக்கம் கொஞ்சம் பேர். கையில் தூக்குப்போசி, தலையில் துண்டு. நடுவில் ஒருவரும் இல்லை. தண்டவாளம் இல்லை, ரயில் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. அவ்வளவு பேரும் ரயிலுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தார்கள்.

அவர் எடுத்தபோது பக்கத்தில் நானும்தான் நின்றிருந்தேன். எனக்கு அது தெரியவில்லை.

காது அடைத்துக்கொண்டது. தகடு திரவத்துக்குள் கிடந்தது. கொஞ்ச நேரம் கூடுதலாக விட்டால் போதும், எல்லாம் கறுத்துக் கரியாகிவிடும். தகடு பழசு என்று சொல்லிவிடலாம். அவரும் நம்புவார். சிவப்பு வெளிச்சத்தில் என் கை தட்டின் விளிம்பில் இருந்தது.

துணிக்கு அந்தப்பக்கம் அவர் குரல் கேட்டது. "எப்படி வந்திருக்கு?"

தகட்டைத் தூக்கி ஹைப்போவில் போட்டேன். படம் நிலைத்துவிட்டது. இனி யாராலும் அதைக் கெடுக்க முடியாது.

"எப்படின்னு கேக்கறேனே," என்றார் மறுபடியும்.

துணியை விலக்கினேன். அவர் சுவரில் சாய்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றிருந்தார்.

"என்னுதை விட நல்லா இருக்குங்க," என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பாவை நினைத்து அழுதாரா, என்னை ஜெயித்ததற்கு அழுதாரா, நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. அந்தப் படம் என் அறையில் மாட்டியிருக்கிறது. காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம், இந்த வயதிலும், வயிறு எரிகிறது.